விளக்கை இறக்கியவள்

அக்டோபரில், மலைகளுக்கு நடுவே கடல் நுழைந்து கிடக்கும் எங்கள் ஃபியோர்டின் மேல்தண்ணீர் முழுக்கச் செந்நிற ஜெல்லிமீன்கள் வந்து அடைந்தன. அவை கொட்டி, கடலுக்குள் கூண்டுகளில் நாங்கள் வளர்த்த சால்மன் மீன்களுக்குத் தோல் வெந்தது.

"விளக்கையும் தீவனக் குழாயையும் இருபத்தஞ்சு மீட்டருக்கு இறக்கு. வெளிச்சத்தத் தேடி மீனும் கீழ போயிடும்," என்றார் மேற்பார்வையாளர் தூர்கில்ஸ்.

விளக்குப் பொத்தான் என் மேசையில். பக்கத்தில் ஆழ்நீர்க் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தவன் என் தம்பி நில்லாஸ். அவன் மனைவிக்கு ஏழாம் மாதம். இந்த வேலை போனால் இந்தக் கரையில் அவனுக்கு வேறு பிழைப்பு இல்லை.

"இறக்காதீங்க. கீழ வேற ஜாதி நிக்குது," என்றான்.

திரையில் பாசிமணிச் சரங்களைப் போல ஏதோ நெளிந்தன, ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு மேல். அதுவும் ஜெல்லிமீனுக்கு உறவு ஜாதிதான். ஆழத்தில் கிடக்கும், சரம் முழுக்கக் கொட்டும்.

தூர்கில்ஸ் சிரித்தார். "நூலப் பாத்து நடுங்குறான் பாரு. எடுத்துட்டுப் போடா, பொறக்கப்போற புள்ளைக்கு ஸ்வெட்டர் பின்னலாம்."

"அக்கா, நீயும் பாத்தேல்ல? சொல்லு."

பார்த்தேன், நன்றாகவே பார்த்தேன். ஆனால் புத்தாண்டில் தூர்கில்ஸ் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலிக்கு என் பெயரை அவர்தான் எழுத வேண்டும்.

"திரை மங்கலா இருக்கு," என்று சொல்லி விளக்கை இறக்கினேன்.

மீன்கள் நம்பிப் பின்னாலேயே போயின. மறுநாள் கண் வெந்து வெளுத்து, செவுளில் ரத்தம் கசிய மேலே வந்தன. சாகாமல் துடித்ததையெல்லாம் தடியால் அடித்துக் கொல்லும் வேலையை தூர்கில்ஸ் நில்லாஸுக்கே கொடுத்தார். மூன்று நாள் அடித்தான். மூன்று நாளும் நான் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன்.

நான்காம் நாள் தலைமை அலுவலகத்து அம்மாள் வந்தார். "கேமரால இருந்தவன் ஒரு வார்த்தை சொல்லல," என்றார் தூர்கில்ஸ், கூசாமல்.

அம்மாள் என்னைப் பார்த்தார். "அப்படியா?"

"ஆமா, சொல்லல," என்றேன்.

அன்று மத்தியானமே அவனை வேலையை விட்டு நிறுத்தினார்கள். திட்டுவான், அடிக்கக்கூட வருவான் என்றிருந்தேன். வந்து என் மேசையருகே நின்றான். கையெல்லாம் இன்னும் போகாத மீன் ரத்தக் கறை.

"அந்த நாற்காலிதான் வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பழிய நானே ஏத்துக்கிட்டுப் போயிருப்பேனே அக்கா."

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. அந்த வெட்கமே ஆத்திரமாகி அவன் மேலேயே திரும்பியது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"கோட்டு கம்பெனியோடது," என்றேன். "கழட்டி வெச்சிட்டுப் போ."

கழற்றி, மடித்து, என் மேசை மேல் வைத்துவிட்டுப் போனான்.