நட்சத்திரத்தை இறக்கும் தேதி

சுவரில் சிவப்பு மெல்ல ஏறுகிறது, இறங்குகிறது, வாசலில் காற்றுக்குக் கிறிஸ்துமஸ் ஸ்டார் திரும்பும்போதெல்லாம் ஜன்னல் கம்பிகளின் நிழல் மூன்றும் சேர்ந்து சாய்ந்து மறுபடி நிமிர்கின்றன, சுவரைப் பார்த்து ஒருக்களித்துக் கிடக்கும் அப்பா இமைக்காமல் அதையே பார்க்கிறார், கழட்டிட்டியா, என்கிறார், பக்கவாதம் இழுத்த வாயிலிருந்து அந்த ஒரு சொல் வர நேரமாகிறது, ஆறாம் தேதி இன்னும் வரலப்பா, என்கிறேன், இது ஏப்ரல், தெருவில் ஐஸ்காரன் மணியடித்துப் போகிறான், அப்பாவின் கழுத்து மடிப்பில் வேர்வை நிற்கிறது, அதைத் துடைத்துவிட்டு, இன்னைக்கு ஜனவரி நாலுப்பா, என்கிறேன்.

அப்பாவுக்குத் தேதிதான் எல்லாம், பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர், கோயிலில், சர்ச்சை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், சேகரச் செயலர், ஒவ்வொரு நவம்பரிலும் கோயில் வாசல் கரும்பலகையில் அவர் கையெழுத்தில் ஒரே வாசகம்தான் வரும், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலாவது ஞாயிறு, அட்வெந்து முதல் ஞாயிறு, மாலை ஆறு மணிக்கு ஸ்டார் போடவேண்டும், ஜனவரி ஆறு, சாஸ்திரிமார் நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்து குழந்தை இயேசுவிடம் வந்த பிரசன்னத் திருநாள் மாலைக்குள் இறக்கிவிட வேண்டும், ஒருநாள் முந்தியும் கூடாது, ஒருநாள் பிந்தியும் கூடாது, எங்கள் தெருவின் இருபத்திரண்டு வீடும் அதற்குக் கட்டுப்பட்டன, ஜனவரி ஏழாம் தேதி காலையில் அவர் வண்டியை மெதுவாக ஓட்டி ஒவ்வொரு வாசலாக அண்ணாந்து பார்ப்பார், எதிர்வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கும் ஐடா அக்கா ஒருமுறை மறந்துவிட்டாள், என்ன ஐடா, உங்க வீட்டுக்கு மட்டும் சாஸ்திரிமார் இன்னும் வழி தேடிக்கிட்டு வாராங்களோ, என்று தெருவே கேட்கும்படி கேட்டார், அவர் வண்டி திரும்பும்வரை குனிந்து நின்ற ஐடா அக்கா பிறகு என்னிடம், உங்கப்பாவுக்குப் பயந்துதாம்ட்டி அந்தச் சாஸ்திரிமாரு வேற வழியா ஊருக்கு ஓடியிருப்பாவ, என்றாள், நான் சிரித்தேன், சத்தம் வராமல் சிரிப்பேன், எதையுமே சத்தம் வராமல்தான் செய்வேன், அம்மா வேறு மாதிரி, அம்மா பிறந்த வீட்டில் ஸ்டாரை இறக்க யாருக்கும் ஞாபகமிருக்காதாம், ஈஸ்டர் வரை தொங்குமாம், வெயிலில் சிவப்பெல்லாம் வெளிறிப்போய் வெள்ளைத்தாளாகி ஒருநாள் காற்றில் தானே போய்விடுமாம், ஆறாம் தேதி சாயங்காலம் அப்பா கிறிஸ்துமஸ் மரமாக நட்ட சவுக்குக் கிளையை மணல் வாளியிலிருந்து பிடுங்கிக் கொல்லையில் போட்டுக் கொளுத்தும்போது, இன்னும் ஒருநாள் கெடந்தா என்ன, என்று அம்மா வருஷாவருஷம் கேட்பாள், உங்க பிச்சைக்கார வீட்டுப் புத்தி உன்னை விட்டுப் போகாது சுகிர்தா, என்பார் அப்பா, சவுக்கு பச்சையாகவே சடசடவென்று எரியும், கிளையில் ஒட்டியிருந்த பஞ்சை அம்மா முந்தியே எடுத்து ஒளித்து வைத்திருப்பாள், அடுத்த வருஷப் பனிக்கு.

ஆறு வருஷத்துக்கு முந்தி ஓர் அக்டோபரில் அம்மாவைப் பார்த்த டாக்டர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார், கிறிஸ்துமஸ் வரைக்கும் எதிர்பார்க்க வேண்டாம் சார், என்றார், கதவு சாத்தியிருக்கவில்லை, வெளியே பெஞ்சில் அம்மா என் தோளில் சாய்ந்திருந்தாள், கேட்டாளா என்று நான் பார்க்கவில்லை, வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள், நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கிறேன், அப்பா பேப்பர் படிக்கிறார், அம்மா சொல்கிறாள், இந்த வருஷம் ஸ்டாரைக் கொஞ்சம் முந்திப் போடுவமா, எப்ப, என்று அப்பா பேப்பரை இறக்காமல் கேட்கிறார், இந்த வாரம், என்கிறாள் அம்மா, அப்பா சிரிக்கிறார், உண்மையிலேயே அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும் அவருக்கு, அக்டோபர்லயா, போர்டுல எழுதுறவன் வீட்டுலயே அக்டோபர்ல ஸ்டார் தொங்கினா நாளைக்கு எவன் என்னை மதிப்பான், என்கிறார், உங்களை ஒண்ணும் சொல்லமாட்டாவ, எனக்குன்னு சொன்னா புரிஞ்சிக்கிடுவாவ, என்கிறாள் அம்மா, அதுக்குத்தான் சொல்லுதேன், என்று அப்பா பேப்பரை மடித்து வைக்கிறார், இப்ப போட்டா, நீ போகப்போறன்னு நாமளே ஊருக்கு விளம்பரம் பண்ணின மாதிரிலா, ஆண்டவர் சித்தமிருந்தா முதல் ஞாயிறு பார்ப்ப, சித்தமில்லேன்னா ஸ்டாரு என்ன செய்யும், என்கிறார், அம்மா கஞ்சியை வாங்கிக்கொள்கிறாள், சூடு போதும் பிள்ள, என்கிறாள் என்னிடம், அவ்வளவுதான், பிறகு அப்பாவிடம் அவள் அதைப்பற்றிப் பேசவே இல்லை, என்னிடம் பேசினாள், உங்கப்பா ஸ்கூலுக்குப் போனப்புறம் நீ போட்டுரு பிள்ள, வந்து ரெண்டு சத்தம் போடுவாவ, போட்டும்.

நான் அந்த வருஷம்தான் பி.எஸ்.ஸி. இயற்பியல் முடித்திருந்தேன், ஒரு பல்பை ஹோல்டரில் மாட்டி வயரை இழுத்து பிளக்கில் செருகுவது எனக்கு ஒரு வேலையே இல்லை, பரணிலிருந்து ஸ்டாரை இறக்கினேன், மடிப்பு மடிப்பாக விரித்தேன், ஒரு முனையில் எலி கடித்திருந்தது, சிவப்புத்தாள் வெட்டி ஒட்டினேன், காய்ந்ததும் மறுபடி மடித்துக் கட்டிலுக்கடியில் வைத்தேன், மறுநாள் எடுத்து விரித்தேன், மடித்தேன், அப்பா எட்டரைக்குப் போனால் ஐந்தரைக்குத்தான் வருவார், அப்படி எத்தனை பகல்கள், இருபது இருக்கும், ஏணியைச் சாத்தி வாசலில் ஏறவேண்டும், ஏறினால் தெரு பார்க்கும், கேட்கும், நான் பதில் சொல்லவேண்டும், எங்கம்மா சாகப்போறாங்க, அதனால போடுதேன், என்று ஏணிமேல் நின்றுகொண்டு சொல்லவேண்டும், அதை நினைத்ததும் ஸ்டாரை மறுபடி மடித்துவிடுவேன், ஒரேயொரு நாள் ஏணியை வாசல்வரை கொண்டுபோய்ச் சாத்திவிட்டேன், ஏட்டி, ஏணி எதுக்கு, என்று ஐடா அக்கா மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள், ஒட்டடை அடிக்க, என்றேன், சொல்லிவிட்டதால் உள்ளே போய்த் துடைப்பத்தை எடுத்துவந்து ஏறி ஒட்டடை அடித்தேன், மூலை மூலையாக, சுத்தமாக, அந்த மூலையையும் அடி, என்று ஐடா அக்கா கைகாட்டினாள், ஸ்டார் மாட்டும் கொக்கி என் நெற்றிக்கு நேரே இருந்தது, அதையும் துடைத்தேன், இறங்கினேன், ஏணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனபோது அம்மா கேட்கிறாள், போட்டுட்டியா.

அம்மாவால் அப்போது வலதுபக்கம் திரும்ப முடியாது, ஈரல் வீங்கியிருந்தது, இடப்பக்கமாகச் சுவரைப் பார்த்துத்தான் கிடப்பாள், ஜன்னல் அவள் முதுகுக்குப் பின்னால், கண் கூசுகிறது என்று டியூப் லைட்டையும் போடுவதில்லை, அதனால் பொய் சொல்வது சுலபமாக இருந்தது, போட்டுட்டேன்மா, என்றேன், அம்மாவின் மஞ்சள் கண்கள் சுவரில் அசைந்தன, சிவப்புத்தானே, என்றாள், சிவப்புத்தான்மா, எலி கடிச்சிருந்துச்சி, ஒட்டிட்டேன், என்றேன், சாயங்காலம் வரை அவள் தூங்குகிறாள் என்று நினைத்தேன், மணி ஆறானது, ஆறரையானது, ஏன் பிள்ள, சுவத்துல வெளிச்சம் விழலயே, என்றாள், வாசலில் ஸ்டார் எரிந்தால் ஜன்னல் வழியாக எதிர்ச்சுவரில் விழவேண்டும், ஒளி நேர்கோட்டில் செல்லும், அதை எனக்கு அவள் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் ஒருநாள் முழுக்க நான் அதை யோசிக்கவே இல்லை, அவள் யோசித்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாள், கரண்ட் இல்லம்மா, என்றேன், சொல்லி முடித்தபோதுதான் தலைக்குமேல் ஃபேன் ஓடும் சத்தம் எனக்குக் கேட்டது, அது எப்போதுமே ஒரு சுற்றுக்கு ஒரு முறை டிக்கென்று தட்டும், டிக், டிக், டிக், நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம், அம்மாவின் நெற்றிமுடி அந்தக் காற்றில் பறந்தது, ஆமா, கரண்டு இல்லபோல, என்றாள் அம்மா.

அதற்குப் பிறகும் பத்துநாள் இருந்தாள், ஸ்டாரைப்பற்றிக் கேட்கவில்லை, ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் போனாள், அடக்கம் ஞாயிறு நான்கு மணிக்கு, அது அட்வெந்து முதல் ஞாயிறு, கல்லறைத் தோட்டத்திலிருந்து நாங்கள் திரும்பும்போது மணி ஆறாகப் பத்து நிமிஷம், தெருவில் எல்லா வீட்டிலும் ஸ்டார் தொங்கியது, ஒன்றும் எரியவில்லை, வாசல்களில் ஆட்கள் சுவிட்சைப் போடுவதா வேண்டாமா என்று தயங்கி நின்றார்கள், அப்பா நடுத்தெருவில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஆறு மணி ஆகட்டும் என்று காத்திருந்தார், எங்களையும் நிற்கவைத்தார், பிறகு, போடுங்க, எங்க வீட்டுச் சாவுக்காக ஆண்டவர் வருகையை நிறுத்த முடியுமா, என்றார், தெரு ஒவ்வொன்றாகச் சிவந்தது, பச்சையானது, மஞ்சளானது, சட்டையில் கல்லறை மண்ணோடு அப்பா அந்த வெளிச்சங்களுக்கு நடுவே நடந்துபோனார், சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் ஸ்டார் போடக்கூடாது, பலகாரம் சுடக்கூடாது, அதுவும் முறைதான், எங்கள் வீடு மட்டும் இருட்டாக இருந்தது, பண்டிகைக்கு ஐடா அக்கா சம்படத்தில் முந்திரிக்கொத்து கொண்டுவந்தாள், அப்பா ஒன்றைக் கடித்து, பாகு முத்திப்போச்சு, என்றார், அடுத்த வருஷத்திலிருந்து வழக்கம்போல முதல் ஞாயிறு ஆறு மணிக்கு அவரே ஏறிப் போட்டார், ஜனவரி ஆறு இறக்கினார், ஐந்து வருஷம், ஏணியை நான் பிடித்துக்கொண்டேன்.

போன அக்டோபரில் அவர் பள்ளிக்கூட வராந்தாவில் விழுந்தார், ஒரு பக்கம் போய்விட்டது, அதே கட்டிலில்தான் படுக்கவைத்தேன், அம்மா கிடந்த மாதிரி, சுவரைப் பார்க்க, புண் வராமலிருக்கத் திருப்பிப் போடும்படி நர்ஸ் சொன்னதை இரவுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன், டிசம்பரில் நானே ஏணியைச் சாத்தி ஏறினேன், தெரு பார்த்தது, யாரும் எதுவும் கேட்கவில்லை, இவ்வளவுதானா என்றிருந்தது, ஜனவரி ஆறு வந்தது, கழட்டிட்டியா, என்றார், நாளைக்குப்பா, என்றேன், அறையிலிருந்த தேதிக் காலண்டரைக் கழற்றினேன், ஸ்டாரைக் கழற்றவில்லை, ஒவ்வொரு சாயங்காலமும் டியூப் லைட்டை அணைத்துவிட்டு ஸ்டார் சுவிட்சைப் போட்டேன், தேதி நாலுதான் ஆகுதுப்பா, என்றேன், நாலா, என்று குழந்தையைப்போலக் கேட்பார், நாலுதான், என்பேன், சில நாள் அழுவார், ஒரு கண்ணில் மட்டும் தண்ணீர் வரும், ஸ்பூனை வாயருகே வைத்துக்கொண்டு நான் காத்திருப்பேன், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள், தவ நாட்கள், ஆரம்பித்ததும் வீட்டில் வந்து நற்கருணை கொடுத்த பாதிரி ஐயர், போகும்போது வாசலை அண்ணாந்து பார்த்து, அம்மா, இது லெந்து காலமாச்சே, என்றார், சரிங்கய்யா, என்றேன், ஐடா அக்காதான் ஒருநாள் படியேறி வந்து, ஏட்டி, அவரு கிடந்து என்ன பாடுபடுதாருன்னு தெருவுக்கே கேக்கு, போதும்ட்டி, என்றாள், அக்கா, ஒட்டடை அடிக்கணும், அப்புறம் பேசுவோம், என்றேன், அவள் முகம் வெளுத்ததைப் பார்த்துக்கொண்டே கதவைச் சாத்தினேன், எனக்கு அது பிடித்திருந்தது.

இன்று ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறு, காலையில் தெருவழியாகக் குருத்தோலை ஊர்வலம் போனது, பிள்ளைகள் ஓலைகளை ஆட்டிக்கொண்டு ஓசன்னா பாடினார்கள், ஜன்னலை மூட மறந்துவிட்டேன், என்ன சத்தம், என்றார் அப்பா, கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ்ப்பா, என்றேன், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தார், பகல் முழுக்கக் கிடந்தார், இப்போது சிவப்பு ஏறி இறங்குகிறது, நாலாம் தேதி என்று சொல்லி ஒரு வாய் கஞ்சி கொடுத்திருக்கிறேன், பாதி வெளியே வழிகிறது, வழித்துத் திரும்ப ஊட்டுகிறேன், அப்பா விழுங்குகிறார், பிறகு சொல்லத் தொடங்குகிறார், ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் மூச்சு வாங்கிக்கொண்டு, ஓசன்னாவை, கேரல்ல, பாடமாட்டாங்க, என்கிறார், நான் கிண்ணத்தைப் பார்க்கிறேன், நீ பொய் சொல்லுதன்னு எனக்கு ஜனவரியிலேயே தெரியும், என்கிறார், கரண்ட் இல்லேன்னு சொன்னியாமே, அவகிட்ட, உங்கம்மா எங்கிட்டச் சொல்லிச் சிரிச்சா, அந்த ராத்திரி, பயந்த பிள்ளன்னு சிரிச்சா, என்கிறார், என் கையில் ஸ்பூன் இருக்கிறது, ஏணி வாசலுக்கு வந்துச்சுன்னு ஐடாவும் சொன்னா, அப்புறம் தினமும் தெருமுனையில வண்டியைத் திருப்பும்போது பார்ப்பேன், இன்னைக்காவது போட்டிருப்பியோன்னு, என்கிறார், போட்டிருந்தா, என்று என் வாய் கேட்டுவிடுகிறது, ரெண்டு சத்தம் போட்டிருப்பேன், அவ்வளவுதானே, கழட்டியிருக்க மாட்டேன், என்கிறார்.

அது உண்மையா, இல்லை, அசையாத உடம்போடு கிடப்பவருக்கு என்னை அடிக்க மிச்சமிருந்த ஒரே பிரம்பா, எனக்குத் தெரியாது, அவர் முகத்தில் பார்க்க முடியாது, பாதி முகம் எப்போதோ செத்துவிட்டது, மீதிப் பாதி சுவர்ப்பக்கம் இருக்கிறது, நான் எழுகிறேன், சுவிட்ச் கதவருகே, நாலடி தூரம், இப்ப கழட்டிருதேன்ப்பா, என்கிறேன், ஆறு வருஷத்தில் முதல் தடவையாக என் குரல் உரக்க வருகிறது, வேண்டாம், என்கிறார் அப்பா, கெடக்கட்டும், நீ பாரு, என்கிறார், வெளியே காற்று விழுந்துவிட்டது, ஸ்டார் அசையவில்லை, ஜன்னலுக்கும் சுவருக்கும் நடுவே நின்ற இடத்திலேயே நிற்கிறேன், சுவரில் என் நிழல் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அதன் ஓரமெல்லாம் சிவப்பு, நான் ஓர் அடி நகர்ந்தால் போதும், வெளிச்சம் முழுதாகச் சுவரில் விழுந்துவிடும், நகராமல் நிற்கிறேன்.