ஒரு விரல் வணக்கம்

பனியாற்றை உள்ளங்கையில் ஏந்துகிறேன் பேர்வழி என்று மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்ட ஆள், அந்தக் கோடையில் நெவில் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும். ஃபிரான்ஸ் ஜோசப் பள்ளத்தாக்கில் பனி எங்கேயோ தூரத்தில், மேகத்துக்குக் கீழே, காயப்போட்ட வேட்டி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் கிட்டப் போய்த் தொட்டுவிட்டு வருவார்கள். இப்போது அது மேலே ஏறிப் போய்விட்டது. தொட முடியாவிட்டால் என்ன, தொட்டதாகப் படம் எடுத்துக்கொள்ளலாமே என்று நெவில் மகள் ரேவாவிடம் போனைக் கொடுத்தான். கையை விரித்து நீட்டி, "பனி கையில உக்காந்துருச்சா? இன்னும் கொஞ்சம் பின்னால போகவா?" என்று கேட்டபடியே பின்னால் நகர்ந்து ஈரக்கல்லில் கால் வைத்தான். படத்தில் பனியாறு தெளிவாக விழுந்திருந்தது. நெவிலின் பூட்ஸ் இரண்டும் தெளிவாக விழுந்திருந்தன. நெவிலைத்தான் காணோம்.

எலும்பு முறியவில்லை, சுளுக்குதான். ஆனால் ஒரு வாரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிக் கட்டுப் போட்டு அனுப்பினாள். மறுநாள் காலை ஃபாக்ஸ் ஊர் விடுதியில் நான்கு பேரும் டோஸ்ட்டைக் கடித்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மலையைத் தாண்டி வானாகாவில் நெவிலின் தம்பி ட்ரெவர் வீடு. இன்று இரவு அங்கே தங்குவதாக ஏற்பாடு. நடுவில் கடலோரப் பாதை, காடு, ஒற்றை வழிப் பாலங்கள், ஹாஸ்ட் கணவாய். நெவிலின் அக்கா கிளெனிஸுக்குக் கண்ணில் புரை. தூரத்து மாடெல்லாம் அவளுக்கு வண்டிதான். ரேவாவுக்குப் பதினாறு வயதாக இன்னும் ஒரு மாதம் இருந்தது. கடைசியில் மூன்று பேரும் நெவிலின் மனைவியைப் பார்த்தார்கள்.

ஹினேவாய் என்ற பெயரிலேயே வாய் இருக்கிறது. அவளுடைய மொழியில் அதற்குத் தண்ணீர் என்றுதான் பொருள், ஆனாலும் நம்முடைய பொருளும் அவளுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். பள்ளிக்கூட அலுவலகத்தில் உட்கார்ந்து, கத்திக்கொண்டு வருகிற பெற்றோரை வாயாலேயே சாந்தப்படுத்தி அனுப்புகிறவள். அப்படிப்பட்டவள் மலைப்பாதை என்று யாராவது சொன்னால் கப்சிப் ஆகிவிடுவாள். எல்லாம் அந்தப் பால் டேங்கர் கதையால் வந்தது.

கல்யாணமான புதிதில் ரெமுடாக்கா மலையில் அவள்தான் ஓட்டினாள். ஒரு வளைவில் எதிரே பால் டேங்கர் வந்தது. ஹினேவாய் நட்டநடுப் பாதையில் வண்டியை நிறுத்தி, இறங்கி, ஓரமாகப் போய் நின்றுகொண்டாள். டேங்கர்க்காரர் இறங்கி வந்து அவளுடைய வண்டியை ஓரங்கட்டிவிட்டு, தன் முட்டை சாண்ட்விச்சில் பாதியைப் பிய்த்து அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நடந்தது இவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஆட்டுக்கறியை அறுத்து வைத்ததும் நெவில் தொண்டையைச் செருமுவான். வருஷத்துக்கு வருஷம் டேங்கர் நீளமாகிக்கொண்டே போயிற்று. போன வருஷம் டேங்கர்க்காரர் பாட்டு வேறு பாடினார்.

ஹினேவாய் இத்தனை வருஷமும் கூடச் சேர்ந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். போன கிறிஸ்துமஸில்தான் சிரிப்பு வரவில்லை. லைசென்ஸ் எப்போது எடுக்கப் போகிறாய் என்று யாரோ கேட்டதற்கு ரேவா, "நான் எடுக்கப் போறதில்ல. நான் அம்மா மாதிரி. நடுரோட்டுல எறங்கி நின்னுருவேன்" என்றாள். மேஜையே சிரித்தது. ஹினேவாய்க்கு மட்டும் சாப்பாடு இறங்கவில்லை.

"ட்ரெவருக்கு ஒரு போன் போட்டா வந்து ஓட்டிட்டுப் போயிருவான்" என்றான் நெவில்.

"ட்ரெவர் வேணாம். நான் ஓட்டுறேன்."

டோஸ்ட் கடிக்கும் சத்தம் நின்றது.

"இது உன் சின்ன வண்டி இல்ல, ஹினே. கியர் வண்டி. பாலத்துல எல்லாம்..."

"இதோ, இதுக்குத்தான் ஒரு பந்தயம். ட்ரெவர் வீட்டு வாசல் வரைக்கும் ஓட்டுறதப் பத்தி நீ வாயத் தெறக்கக் கூடாது. ஒரு வார்த்தை சொன்னாலும் பால் டேங்கர் கதை அன்னிக்கோட செத்துச்சு. யார்கிட்டயும் எப்பவும் சொல்லக் கூடாது."

"வாயே தெறக்கலன்னா?"

"ஆயுசுக்கும் சொல்லிக்கோ. நடுவுல நான் சாவியக் கொடுத்துட்டா இந்தக் கதையையும் சேத்துச் சொல்லு."

நெவிலுக்கு ஒன்றுக்கு இரண்டு கதை கிடைக்கிற சந்தோஷம். கட்டுப் போடாத கையை நீட்டிப் பந்தயத்தை உறுதி செய்தான். கிளெனிஸ் மட்டும், "வெளியில ரோஜா நல்லா பூத்திருக்கு, பாத்துட்டு வரேன்" என்று போனை எடுத்துக்கொண்டு போனாள். கண்ணில் புரை உள்ளவள் ரோஜாவை என்ன பார்த்தாளோ, திரும்பி வரும்போது முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

நெவில் ஒரு சாத்திரம் வைத்திருந்தான். அந்தப் பக்கத்துச் சாலைகளில் எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார்கள். தெரிந்தவராக இருக்க வேண்டும் என்றில்லை. "விரலப் பாத்தே சொல்லிருவேன், ஓட்டத் தெரிஞ்சவனா இல்லையான்னு. பயந்து பிடிக்கிறவனுக்கு விரல் எழும்பாது" என்பான். ஹினேவாய்க்கு எழும்பவில்லை. பத்து விரலும் ஸ்டியரிங்கில் ஒட்டிக்கொண்டன. முதலில் வந்த பண்ணைக்காரர் விரலைத் தூக்கினார், பதில் இல்லை. பின் சீட்டில் நெவில் திருப்தியாக மூச்சு விட்டான்.

"அந்த வேலைய நான் பாத்துக்கறேன்" என்றாள் பக்கத்து சீட்டில் இருந்த ரேவா. அதற்குப் பிறகு எதிரே வந்த ஒவ்வொரு வண்டிக்கும் அம்மா சார்பில் அவள் விரலைத் தூக்கினாள். சுற்றுலாப் பேருந்துக்கு இரண்டு கையிலும் தூக்கினாள். ஒரு மாட்டுக்கும் தூக்கினாள்.

"மாட்டுக்கு எதுக்குடி?" என்றாள் கிளெனிஸ்.

"பாவம், அதுவும் எதுத்தாப்புலதான வருது."

ஹினேவாய் சிரித்துவிட்டாள். சிரித்ததில் தோள் கொஞ்சம் இறங்கியது. கடலோரத்தில் ராட்டா மரங்கள் சிவக்கச் சிவக்கப் பூத்திருந்தன. மேட்டில் ஒருமுறை வண்டி நின்றுபோய்ப் பின்னால் உருண்டது. பின் சீட்டில் "க்" என்று ஒரு சத்தம் கேட்டது.

"அது வார்த்தையா?" என்று ஹினேவாய் கேட்டாள்.

"இருமல்" என்று ரேவா தீர்ப்புச் சொன்னாள். "விடு, அடுத்த தடவ பாத்துக்கலாம்."

ஹாஸ்ட் ஊரில் கிளெனிஸ் கட்டிக்கொண்டு வந்த முட்டை சாண்ட்விச்சில் ஆளுக்கு ஒன்று சாப்பிட்டார்கள். ஹினேவாய்க்குப் பாதிதான் இறங்கியது. மீதியைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டாள். இனிமேல்தான் கணவாய். மழை தூற ஆரம்பித்தது. மலையின் இரண்டு பக்கமும் அருவிகள் கொட்டின. ரேவா எண்ணிப் பார்த்து அலுத்து விட்டுவிட்டாள். பாதை ஆற்றை ஒட்டி ஏறி, பாறைகளுக்கு நடுவே ஆறு இரைகிற இடத்தில் ஒற்றை வழிப் பாலமாக எதிர்க்கரைக்குத் தாவியது. பலகையில் பெரிய அம்பு இவர்கள் பக்கம். எதிரே வருகிறவன்தான் நிற்க வேண்டும். ஹினேவாய் பலகையை இரண்டு தரம் பார்த்துவிட்டுப் பாலத்தில் ஏறினாள்.

நடுப்பாலத்தில் எதிரே, படுக்கையும் அடுப்பும் உள்ளேயே வைத்த ஒரு வெள்ளை வீட்டு வண்டி வந்து நின்றது. வாடகைக்கு எடுத்தது. சாலையின் வலது பக்கம் ஓட்டிப் பழகிய எந்த நாட்டுக்காரனோ, பலகையைக் கவனிக்காமல் செங்குத்தான இறக்கத்தில் நேராக இறங்கி வந்துவிட்டான். அவன் விளக்கைப் போட்டு அணைக்கவில்லை, ஹாரன் அடிக்கவில்லை. கதவைத் திறந்து இறங்கி, பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அம்மா" என்றாள் ரேவா மெதுவாக. "எறங்கி நின்னுட்டான்."

ஹினேவாய் அவனையே பார்த்தாள். தாடி வைத்த பையன். முகத்தில் சொட்டு ரத்தமில்லை. அந்த முகத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். உள்ளே இருந்து தெரியும். வண்டிக்குள் அவன் மனைவி முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். அவனால் அந்த ஏற்றத்தில் பின்னால் போக முடியாது. இன்றைக்கில்லை, நாளைக்கும் முடியாது.

"நாமதான் பின்னால போகணும்" என்றாள் ஹினேவாய், யாரிடமும் இல்லாமல்.

பின் சீட்டில் நெவில் மூச்சை இழுத்தான். கிளெனிஸ் சட்டென்று அவன் வாயைப் பொத்தினாள். "பேசாதடா! நீ பேசுனா பயத்துல அவ ஆத்துல விட்டுருவா!"

ஹினேவாய் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள். அதற்காகவே காத்திருந்ததுபோல் கடிக்கிற கறுப்பு ஈக்கள் உள்ளே புகுந்தன. கிளட்சை விட்டாள், பிடித்தாள், விட்டாள். வண்டி அங்குலம் அங்குலமாகப் பின்னால் நகர்ந்தது. பாலத்துக் கம்பி பின்னால் போயிற்று. பாலம் முடிந்தது. வளைவு வந்தது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஆறு. நெவிலின் ஒரு கையில் கட்டு, மறு கை கதவுப் பிடியில், வாயில் அக்காவின் கை. அவன் மூக்கு நுனியில் ஓர் ஈ உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டது. கண்ணில் தண்ணீர் வழிந்தது. அவன் வாயைத் திறக்கவில்லை.

வளைவுக்குப் பின்னால் இருந்த அகலமான இடத்தில் வண்டியை நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்தாள். மடித்து வைத்திருந்த சாண்ட்விச்சை எடுத்துக்கொண்டு இறங்கினாள். "ரேவா, வா" என்று மழையில் பாலத்துக்கு நடந்தாள்.

பையன் இன்னும் கம்பியை விடவில்லை.

"நல்லவேளை நீ நிறுத்தினே" என்றாள் ஹினேவாய். "எனக்கும் கை நடுங்குது, பாரு."

நீட்டிக் காட்டினாள். நிஜமாகவே நடுங்கியது. அவன் அந்தக் கையைப் பார்த்தான், பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்தான்.

"இதச் சாப்பிடு. நான் அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்துறேன்."

வீட்டு வண்டி அவர்களுடைய வண்டியைப் போல இரண்டு மடங்கு நீளம். ஹினேவாய் ஏறி உட்கார்ந்து, அவன் மனைவியிடம் வணக்கம் சொல்லிவிட்டு, அதை மெதுவாகப் பாலத்தைத் தாண்டி ஓட்டிக்கொண்டுபோய் ஓரங்கட்டினாள். பையன் வாயில் முட்டையோடு பின்னாலேயே ஓடி வந்தான்.

திரும்பி நடக்கும்போது ரேவா கேட்டாள்: "அவன்கிட்ட என்னமோ சொன்னியே, கை நடுங்குதுன்னு."

"டேங்கர்க்காரர் எங்கிட்டச் சொன்னது."

"அப்பா அதச் சொன்னதே இல்லையே."

"அதச் சொன்னா யார் சிரிப்பா?"

ரேவா அம்மாவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். வெகுநாளாக அவள் அப்படிப் பிடித்ததில்லை.

கணவாயைத் தாண்டியதும் மழை விட்டது. அந்தப் பக்கம் வெயில், மஞ்சள் புல், மொட்டை மலை. ஏரி இடது பக்கம் நீலமாக விரிந்தது. நெவில் வழியெல்லாம் வாயைத் திறக்கவில்லை. மூக்கு வீங்கிச் சிவந்திருந்தது.

"அம்மா" என்றாள் ரேவா. "வீட்டுக்குப் போனதும் எனக்குக் கியர் மாத்தக் கத்துக் குடுப்பியா?"

ஹினேவாய் கியரை ஒருமுறை இறக்கி ஏற்றிக் காட்டினாள். "ம்" என்று மட்டும் சொன்னாள்.

பின் சீட்டில் அசைவு. நேரான சாலை, எதிரே எதுவுமில்லை, வண்டி ஓடியதோ நத்தை வேகம். நெவில் சன்னல் பக்கம் திரும்பி, ஏரியைப் பார்த்தபடி, தெளிவாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான்:

"ஹினே, கொஞ்சம் மெதுவாப் போ."

"அட மடையா!" என்றாள் கிளெனிஸ். "எவ்வளவு தூரம் தாங்குன! வீடு வரப் போகுது, இப்பப் போயி..."

"தெரியாம வந்துருச்சு" என்றான் நெவில். "கதை போச்சு. என்ன பண்றது." இன்னும் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹினேவாய் கண்ணாடியில் அவனைப் பார்த்தாள். இந்த மனிதனுக்குப் பொய் சொல்ல வராது. பதினெட்டு வருஷமாக வந்ததில்லை. அவன் மேல் இருந்த கோபமெல்லாம் எந்த வளைவில் இறங்கிப் போயிற்றோ, தேடிப் பார்த்தாலும் கிடைக்கவில்லை.

அப்போது எதிரே தூரத்தில் ஒரு நீல நிறப் பிக்கப் வண்டி விரைந்து வந்தது. "சித்தப்பா வண்டி மாதிரி இருக்கே" என்றாள் ரேவா.

"ஐயோ" என்றாள் கிளெனிஸ். "ட்ரெவர். காலையில நான்தான் போன் பண்ணேன். இவள நம்பாம இல்ல... சரி, நம்பலதான். நிறுத்து ஹினே, பாவம், நம்மளக் காப்பாத்த வரான்."

ரேவா வழக்கம்போல விரலைத் தூக்கப் போனாள். அதற்குள் ஸ்டியரிங்கின் மேல் ஒரு விரல் எழும்பியிருந்தது. அவசரமில்லாமல், நேராக, ஊர்க்காரர்கள் தூக்குவது போல. ட்ரெவரும் பழக்க தோஷத்தில் பதிலுக்கு ஒரு விரலைத் தூக்கியபடி அவர்களைக் கடந்து போனான். பிறகுதான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். கண்ணாடியில் பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்தது. நீல வண்டி முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடி முன்னால் போய், திரும்ப முடியாமல் குறுக்கே நின்று தவித்தது.

நெவில் உடம்பைத் திருப்பிப் பின் கண்ணாடி வழியாக ஆசையோடு பார்த்தான். "அடடா, அவனுக்குத் திருப்பத் தெரியலையே! கிறிஸ்துமஸுக்கு இத விடக் கூடாது. இத நான் எப்படிச் சொல்லப் போறேன் பாரு..."

"நீ இல்ல" என்றாள் ஹினேவாய். "இத நான் சொல்லுவேன்."