சத்தம் போடாதிருக்க ஓர் ஒத்திகை

கைதட்டுவதற்கு இலவசமாக நாற்காலி, குளுகுளு ஏசி, நடுவில் ஒரு காபி வேறு. கரும்பு தின்னக் கூலியா என்று நானும் என் வீட்டுக்காரரும் கிளம்பினோம். டிக்கெட் கொடுத்தது என் நாத்தனார். டிவி ஸ்டூடியோவில் மேக்கப் போடுகிறவள். "அண்ணி, அண்ணனை எப்படியாவது கூட்டிட்டு வாங்க. வீட்டுலயே உக்காந்து யோசிச்சா மண்டை காஞ்சு போயிடும்" என்று போனில் சொல்லியிருந்தாள்.

யோசனைக்குக் காரணம் இருந்தது. இவர் வேலை செய்யும் இடத்தில் சூப்பர்வைசர் பதவி தருவதாகச் சொல்லி, திங்கட்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார் மேனேஜர். வேலை இவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் சூப்பர்வைசர் தினமும் காலையில் ஷிப்டு ஆட்கள் முன்னால் நின்று அன்றைய வேலையை எடுத்துச் சொல்ல வேண்டும். இவருக்குப் பேச்சு திக்கும். அதிலும் 'ப' என்று தொடங்கும் சொல் வந்தால் உதடு ஒட்டிக்கொண்டு பிரியவே பிரியாது. பால் என்றால் உயிர், ஆனால் கடையில் டீதான் கேட்பார். இப்படிப்பட்டவர் வேலை பார்ப்பது பிஸ்கட் கம்பெனியில், பேக்கிங் பிரிவில். விதி எப்படி விளையாடியிருக்கிறது பாருங்கள்.

தனக்குத் திக்கும் என்று வெளியாள் யாரிடமும் இவர் தன் வாயால் சொன்னதில்லை. போனில் பேசுவதெல்லாம் நான்தான். இவர் திணறும்போது யாராவது நடுவில் புகுந்து சொல்லை முடித்துவைத்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒரு மருந்துக்கடைக்காரரிடம், "அவர் சொல்லுவாரு. நீங்க அதுவரைக்கும் மாத்திரையை எண்ணிட்டிருங்க" என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து அந்தக் கடைப் பக்கம் இவர் என்னைக் கூட்டிப் போவதில்லை.

டிவியில் தெரிவதுபோல் ஸ்டூடியோ பெரிதாக இல்லை. முன்னால் எல்லாம் பளபளப்பு. பின்னால் எட்டிப் பார்த்தால் வெறும் பிளைவுட்டும் ஆணியும். ஒல்லியான ஒருவர் காதில் ஹெட்போனோடு வந்து எங்கள் எதிரே நின்றார். பார்வையாளர்களைக் கைதட்ட வைப்பதுதான் அவர் உத்தியோகம். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றார்கள்.

"நான் ஒரு கையைத் தூக்கினா கைதட்டணும். ரெண்டு கையையும் தூக்கினா 'சொல்லு! சொல்லு!'னு கத்தணும். வீட்டுல வீட்டுக்காரரைத் திட்டுற மாதிரி நினைச்சுக்கங்க, தானா வரும்."

ஆஸ்பத்திரி லாண்டரியில் ஈரப் போர்வைகளை உதறி உதறிக் காய்த்துப்போன கை என்னுடையது. தட்டினேன் பாருங்கள், மாஸ்டரே திரும்பிவிட்டார். "மூணாவது வரிசை அக்கா மாதிரி தட்டுங்கப்பா!" எனக்குப் பெருமை தாங்கவில்லை. 'சொல்லு சொல்லு'வையும் தொண்டை கிழியக் கத்திப் பழகினேன்.

விளையாட்டு இதுதான். பார்வையாளர்களில் ஒருவரை மேடைக்குக் கூப்பிடுவார்கள். அங்கே ஒரு பெட்டி. எங்கள் பக்கம் கண்ணாடி, ஆடுகிறவர் பக்கம் துணி. துணிக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்து, உள்ளே இருக்கும் பொருளின் பெயரை மணி அடிப்பதற்குள் சொல்ல வேண்டும். ஒரே சொல். சரியாகச் சொன்னால் வாஷிங் மெஷின். இரண்டு பேர் ஆடித் தோற்றார்கள். நாங்கள் கத்திய கத்தலில் ஒரு அம்மா உருளைக்கிழங்கைக் கல் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அடுத்து, நிகழ்ச்சி நடத்தும் பெண் நேராக எங்கள் வரிசைக்கு வந்து இவர் தோளைத் தொட்டாள்.

எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. "அவர் வரலைம்மா, வேற யாரையாவது கூப்பிடுங்க" என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் இவர் எழுந்துவிட்டார். ஏன் எழுந்தார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்டால், "கா...காலு தானா எழுந்திரிச்சிடுச்சு" என்பார்.

பெட்டியில் சீப்பு வைத்தார்கள். அப்பாடா என்றிருந்தது. சீப்பு இவருக்கு அல்வா மாதிரி வரும் சொல். இவர் தடவினார். புரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. வாயைத் திறந்தார். அதே நேரத்தில் மாஸ்டர் இரண்டு கையையும் தூக்கினார்.

"சொல்லு! சொல்லு! சொல்லு!"

இத்தனை பேர் சேர்ந்து கத்தினால் நன்றாகப் பேசுகிறவனுக்கே நாக்கு ஒட்டிக்கொள்ளும். இவர் கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? உண்டோ இல்லையோ, நான் மூடிப் பார்க்கிறேன் என்று எழுந்து நின்றேன். மேடையிலிருந்து இவர் என்னைப் பார்த்தார். உட்கார் என்று கையைக் காட்டினார். பிறகு மைக்கிலேயே பேசினார்.

"க...கத்தாதீங்க. எனக்குத் திக்கும். சத்தம் இருந்தா வ...வரவே வராது. கொஞ்சம் மெதுவாத்தான் வரும்."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கேமரா நின்றது. மேலே ஸ்பீக்கரில் டைரக்டரின் குரல் கேட்டது. "என்ன மாஸ்டர்?"

மாஸ்டர் ஹெட்போனில் ஏதோ சொன்னார். பதில் எங்களுக்கும் கேட்டது. "சரி, திரும்ப எடுப்போம். ஆனா பொருளை மாத்தணும். நேரம் எல்லாருக்கும் ஒண்ணுதான்." அது நியாயம்தான். எனக்கே கோபம் வரவில்லை.

மாஸ்டர் எங்கள் பக்கம் திரும்பினார். முகத்தில் கேலியும் இல்லை, அய்யோ பாவமும் இல்லை. கைதட்டச் சொல்லிக் கொடுத்த அதே குரல். "இப்ப புதுசா ஒண்ணு பழகப் போறோம். நான் விரலை வாயில வச்சா மூச்சு விடுற சத்தம்கூட வரக்கூடாது. அவர் முடிக்கிற வரைக்கும். எங்க, ஒரு தடவை ஒத்திகை பாப்போம்."

விரலை வைத்தார். யாரோ இருமினார்கள். "இருமினவரே, இன்னொரு தடவை" என்றார். மறுபடி விரல். ஏசியின் உறுமல் மட்டும் கேட்டது. எனக்குப் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண் தன் வளையல்களைச் சத்தம் வராமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பெட்டியில் இந்த முறை பூட்டு.

வேறு பொருளே கிடைக்கவில்லையா இவர்களுக்கு! இவர் கையை விட்டதுமே கண்டுபிடித்துவிட்டார். உதடு ஒட்டியது. கடிகாரம் ஓடியது. யாரும் அசையவில்லை. உதட்டுக்குள்ளேயே சொல் முட்டிக்கொண்டிருந்தபோது மணி அடித்துவிட்டது.

நிகழ்ச்சி நடத்தும் பெண், "அடடா" என்று ஆரம்பித்தாள். மாஸ்டர் அவளுக்கும் விரலைக் காட்டினார். அவளும் வாயை மூடிக்கொண்டாள். வாஷிங் மெஷின் போய்விட்டது, விளையாட்டும் முடிந்துவிட்டது, ஆனாலும் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. யாரும் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"பூ...பூ...பூட்டு."

அப்புறம் எழுந்த கைதட்டலுக்கு யாரும் கை காட்டவில்லை. நான் மட்டும் தட்டவில்லை. என் கை இரண்டும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தன.

வெளியே வரும்போது வாசலில் மாஸ்டரைப் பிடித்தேன். வாயாடி என்று பெயரெடுத்த நான், "நீங்க நல்லா இருக்கணும்" என்று மட்டும் சொன்னேன். அவர் சிரித்து, "உங்க கை இல்லாம இன்னைக்கு எனக்குப் பிழைப்பே நடந்திருக்காதுக்கா" என்று சொல்லி, அடுத்த கூட்டத்தை உள்ளே அழைத்துப் போனார். அந்த வளையல்காரி, இருமியவர், உருளைக்கிழங்கு அம்மா, எல்லோருக்கும் நன்றி சொல்ல வேண்டும்போல் இருந்தது. அதற்குள் ஆளுக்கொரு திசையாகக் கலைந்துவிட்டார்கள்.

பஸ் நிறுத்தத்தில் இவர் போனை எடுத்து மேனேஜரின் எண்ணைத் தேடினார். பழக்கதோஷம், நான் கையை நீட்டினேன்.

"குடுங்க, நான் பேசறேன். வேணும்னு சொல்லணுமா, வேணாம்னு சொல்லணுமா?"

இவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, போனைத் தன் காதில் வைத்துக்கொண்டார்.

"சார்... நா...நான்தான் பேசறேன். பே...பே..."

பேக்கிங். சுற்றி வளைத்து வேறு சொல்லுக்குப் போயிருக்கலாம், போகவில்லை. நாங்கள் ஏற வேண்டிய பஸ் வந்து நின்றது. கண்டக்டர் எங்களைப் பார்த்து விசில் கொடுத்தார். நான் விரலை உதட்டில் வைத்து, போங்கள் என்று கையைக் காட்டினேன். பஸ் போன பிறகும் இவர் 'பே'யில்தான் நின்றுகொண்டிருந்தார். அந்தப் பக்கத்திலிருந்த மனிதரும், அவர் குடும்பம் நன்றாயிருக்கட்டும், போனை வைக்கவில்லை.