ஈசானிய மூலையில் வைத்த காப்பு

எங்கள் குடும்ப நண்பன் சேனாபதிக்கு நான் வைத்த பெயர் ஆணிப்பொறுக்கி. சனிக்கிழமை விடிந்தால் போதும், மெட்டல் டிடெக்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆல்டமாண்ட் மலைப்பக்கம் கிளம்பிவிடுவான். அந்தக் காலத்து வெள்ளைக்காரக் குடியானவர்கள் போட்டுவிட்டுப் போன பண்ணை வீடுகள் அங்கே இடிந்து கிடக்கின்றன. கூட வரும், இவனைப்போல் டிடெக்டரோடு பழம்பொருள் தேடும் கிளப்காரர்கள் வெள்ளிக்காசும் பித்தளை பொத்தானும் தோண்டி எடுப்பார்கள். இவனுக்கு மட்டும் துருப்பிடித்த ஆணியும் பீர் மூடியும்தான் வாய்க்கும். கிளப் போட்டியில் அவற்றை மேசைமேல் வைத்தால் எல்லோரும் சிரிப்பார்களாம். அதை எங்கள் வீட்டில் உட்கார்ந்து சொல்லி, நான் போட்ட காபியைக் குடித்துவிட்டு மூக்கைச் சிந்துவான்.

எங்கள் வீடு டிரேசியில் இருந்தது. என் கணவர் பசுபதிக்கு சான் ரமோனில் கான்ட்ராக்ட் வேலை. தினமும் மலை தாண்டிப் போய்வரும் தூரம்தான், ஆனாலும் தோட்டம் இருக்கிறதே, பிரணவ் ஓடி விளையாடுவானே என்று புக் பண்ணினோம். வீடு கட்டி முடியுமுன் பிரணவ் போய்விட்டான். இதயத்தில் ஓட்டை. ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோன பிள்ளையை அப்படியே துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். ஒன்றரை வயசு.

கிரகப்பிரவேசத்துக்கு முன்னால் ஈசானிய மூலையில் குழி தோண்டி, செம்புக் கலயத்தில் நவதானியமும் பஞ்சலோகமும் வைத்து மூடவேண்டும் என்றார் ஐயர். தோட்டத்தில் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரிங்ளர் ஒயர் மண்ணுக்குள் எங்கே ஓடுகிறதென்று தெரியாததால் சேனாபதியை டிடெக்டரோடு வரச்சொன்னோம். அவன்தான் இடம் பார்த்துத் தோண்டினான். ஐயர் உள்ளே போன நேரம் பார்த்து, பிரணவின் வெள்ளிக் காப்பைக் கலயத்துக்குள் போட்டேன். அவன் உடம்பில் பட்டதில் என்னிடம் மிஞ்சியது அது ஒன்றுதான். செத்த பிள்ளையின் நகையை நல்ல காரியத்தில் வைக்கிறாளே என்று ஐயர் குதிப்பார், பசுபதியும் குதிப்பார். குதிக்கட்டுமே! அவனுக்கென்று வாங்கிய வீட்டில் அவன் கொஞ்சமாவது இருக்கவேண்டாமா? சேனாபதி பார்த்துவிட்டான்.

"நான் எதையும் பாக்கலக்கா," என்று மண்ணைத் தள்ளினான்.

அன்றைக்கு அவனைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

2008 வசந்தத்தில் எல்லாம் ஒன்றாக வந்து விடிந்தது. லோன் வட்டி ஏறியது, கான்ட்ராக்ட் போனது, வீட்டை பேங்க் எடுத்துக்கொண்டது. பசுபதிக்கு நியூஜெர்சியில் வேலை கிடைத்து, ஈஸ்ட் பிரன்ஸ்விக்குக்குக் கிளம்பினோம். கிளம்பும்போது குழியைத் தோண்டலாம் என்று மண்வெட்டியைத் தேடினால், அதையும் கராஜ் சேலில் யாருக்கோ விற்றுத் தொலைத்திருந்தோம்.

"நீங்க நிம்மதியா கிளம்புங்கக்கா," என்றான் சேனாபதி. "நான் எடுத்து கொரியர் பண்றேன்."

வாரக்கணக்கில் காத்திருந்தேன். கடைசியில் ஃபோன் வந்தது. "மூலை மூலையா தேடிட்டேன்கா, சிக்னலே வரல. பேங்க் ஆளுங்க புல்தரையையே கிளறிப் போட்டுட்டாங்க போல. மனச தேத்திக்குங்க." நானும் நம்பி அழுதேன்.

டிசம்பரில் மனசு கேட்காமல் அவன் கிளப்பின் வெப்சைட்டைத் திறந்தேன். கிளறிப் போட்ட அந்த மண்ணில் யாராவது காப்பைக் கண்டெடுத்திருப்பார்களா என்று பார்க்கும் பைத்தியக்கார ஆசை. முதல் பக்கத்திலேயே சேனாபதி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். அவன் உள்ளங்கையில் பிரணவின் காப்பு. 'இந்த ஆண்டின் சிறந்த கண்டெடுப்பு. பண்ணைக் குடும்பத்துக் குழந்தையின் வளையல், 1880 வாக்கில். முனைகளில் ரோஜா மொட்டு' என்று கீழே போட்டிருந்தது. ரோஜாவாம் ரோஜா! அது தாமரை மொட்டு. கும்பகோணத்தில் என் அப்பா சொல்லிச் செய்தது.

அன்றுதான் பசுபதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. பிரணவ் அந்தக் காப்போடு கையை ஆட்டிச் சிரிக்கிற போட்டோவைத் தேடி எடுத்து, கிளப் தலைவருக்கு அனுப்பிவைத்தார்.

அன்று மாலையே சேனாபதி கூப்பிட்டான். அழுகையென்றால் அப்படி ஓர் அழுகை.

"அக்கா, தப்புதான். உங்க கால்ல விழறேன். ஒரே ஒரு தடவ அவங்க முன்னாடி ஜெயிச்சு காட்டணும்னு தோணிச்சு. இப்ப தெரிஞ்சா துரத்திடுவாங்கக்கா, தலைகாட்ட முடியாது."

"அதெல்லாம் எனக்கு எதுக்குடா? காப்ப குடு."

"கண்டிப்பா குடுக்குறேன். ஆனா இப்ப அது கிளப்ல டிஸ்ப்ளேல இருக்கு. இப்ப எடுத்தா மாட்டிக்குவேன். தலைவர் உங்களுக்கு ஃபோன் பண்ணுவாரு. பாத்தேன், இது எங்களுது இல்ல, வேறன்னு மட்டும் சொல்லிடுங்க. டிஸ்ப்ளே முடிஞ்சதும் நானே ஃப்ளைட் புடிச்சு வந்து உங்க கையில குடுக்குறேன். என் புள்ளைங்க மேல சத்தியம்."

"அவன நம்பாத விசாலம்," என்றார் பசுபதி. "உண்மைய சொல்லு. நியாயம் நம்ம பக்கம் இருக்கு."

"நியாயத்த வச்சு நான் என்ன பண்ண? எனக்கு காப்பு வேணும். இவன கோவப்படுத்தினா எங்கயாவது தூக்கி எறிஞ்சிடுவான்."

மறுநாள் கூப்பிட்ட கிளப் தலைவர் வயசானவர். குரல் அவ்வளவு பதமாக இருந்தது. அவசரமே இல்லை அம்மா, நன்றாகப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், உங்கள் மகனுடையது என்றால் நாளைக்கே அனுப்பிவைக்கிறேன் என்றார். என் எதிரே கம்ப்யூட்டரில் பிரணவ் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். நாளைக்கே என்கிறாரே, சொல்லிவிடு, சொல்லிவிடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் இரண்டு பேரும் ஒரே ஊர், ஒரே கிளப். இவர் கேட்டு அவன் மறுத்து, எல்லோருமாகச் சேர்ந்து என்னைப் பொய்க்காரியாக்கிவிட்டால் காப்பு ஒரேயடியாகப் போய்விடும் என்று பயந்தேன். அழுத சேனாபதியை நம்பினேன், பாவி.

"இல்லை," என்றேன். "என் மகனுடையது வேறு. மன்னியுங்கள்."

இறந்த குழந்தையின் போட்டோவைப் பார்க்கவைத்ததற்கு அவர்தான் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

ஜனவரி வந்தது. டிஸ்ப்ளே முடிந்துபோனது. சேனாபதி ஃபோனை எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு நம்பரிலிருந்து கூப்பிட்டபோது எடுத்தான்.

"காப்பு எங்கடா?"

"எந்தக் காப்புக்கா?" குரலில் அழுகை இல்லை, ஒன்றுமில்லை. "அத பண்ணை மியூசியத்துக்கு டொனேட் பண்ணியாச்சு. என் பேரு போட்டு கண்ணாடிக்குள்ள வச்சிருக்காங்க. ஸ்கூல் பசங்கல்லாம் வந்து பாக்குதுங்க."

"அடப்பாவி, அது என் புள்ளயோடதுடா!"

"நீங்கதான இல்லன்னு சொன்னீங்க? தலைவர் அத பேப்பர்ல எழுதியே வச்சிருக்காரு. இப்ப மாத்திப் பேசினா, புள்ள போன துக்கத்துல இந்தம்மாவுக்கு புத்தி பெரண்டுருச்சுன்னுதான் நெனைப்பாங்க. பாவம், டாக்டர பாருங்கக்கா." வைத்துவிட்டான்.

பசுபதி ஆபீஸிலிருந்து வரும்வரை காத்திருக்க என்னால் முடியவில்லை. அவன் வம்சமே விளங்காமல் போகட்டும் என்று மண்ணை வாரித் தூற்றப் படியிறங்கிப் போனேன். அபார்ட்மெண்ட் வாசலில் முழங்கால் அளவு பனி. கையால் தள்ளித் தள்ளித் தரையைக் கண்டுபிடித்து, நகத்தால் பிறாண்டினேன். மண் கல்லாக உறைந்து கிடந்தது. ஒரு பிடிகூட வரவில்லை.