பச்சை நூல்

தூண்டில் ரீலிலிருந்த பச்சைப் பின்னல் நூலை உருவி உருவி மடியில் போட்டுக்கொண்டிருந்தாள் அர்லிஸ். ஏரியைப் பார்த்த ஜன்னலோரம், வீட்டுக்கு வரவழைத்த ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூக்கில் குழாயோடு அவள் அண்ணன் ஓரின் சாய்ந்திருந்தான். இனி மருந்து வேண்டாமென்று வீட்டுக்கு அனுப்பிப் பத்து நாளாகிறது.

சனிக்கிழமை வால்ஐ மீன் பிடிக்கத் தடை நீங்குகிறது. அதற்குள் தன் ரீலில் நூல் மாற்ற வேண்டுமென்று காலையிலிருந்து அவன் நச்சரிப்பு. அதுவும் அவள் போடும் தங்கூசியை, அந்த நிறமில்லாத ஒற்றை நரம்பை.

"பொம்பளைங்க நூலுன்னு கிண்டல் பண்ணுவியே?"

"சுத்துன்னா சுத்து."

முன்பெல்லாம் ஏரி தேநீர் நிறத்தில் இருந்தது. எந்த நூலும் மீனுக்குத் தெரியாது. பிறகு எங்கிருந்தோ வந்த சிப்பிகள் அடியெல்லாம் படர்ந்து தண்ணீரை வடிகட்டிவிட்டன. இருபதடி ஆழத்தில் கிடக்கும் கல்லை எண்ணலாம். பெரிய கண்ணுள்ள வால்ஐ, பச்சை நூலைக் கண்டால் ஒதுங்கிவிடும். அர்லிஸ் ஆறு பவுண்டு இழுவை தாங்கும் தங்கூசிக்கு மாறினாள். தண்ணீருக்குள் போனால் அது இருப்பதே தெரியாது. ஒரே படகில் அவள் நாலு பிடித்தால் ஓரினுக்கு ஒன்று.

"எல்லாம் அதிர்ஷ்டம்டி" என்பான்.

ஒரு செப்டம்பரில், அவள் ஊரில் இல்லாதபோது, முப்பது அங்குல மீனைப் பிடித்தான். பச்சை நூலில். கடை கடையாகச் சொன்னான். சர்ச்சில் எல்லார் முன்னாலும், "என் தங்கச்சிக்கு மீனும் தெரியாது, நூலும் தெரியாது" என்று சிரித்தான். மறுவாரமே அவள் தனக்கென்று ஒரு படகு வாங்கினாள்.

தங்கூசி சுற்றியிருந்த புது உருளைக்குள் பென்சிலைச் செருகி அவன் கையில் கொடுத்தாள். அவன் பிடித்துக்கொள்ள, ஈரத்துணியால் நூலை இறுக்கியபடி சுற்றத் தொடங்கினாள்.

"அர்லிஸ், அந்தப் பெரிய மீனு..."

"ஆரம்பிச்சிட்டியா?"

"பச்சையில மாட்டல. உன் பெட்டியிலேர்ந்து எடுத்த தங்கூசிதான்."

அவள் கை நின்றது.

"எட்டு வருஷம்ண்ணே. ஒரே ஏரியில ஆளுக்கொரு படகுல, யாரோ மாதிரி கையாட்டிட்டுப் போனோம்."

"அன்னைக்கே சொல்லியிருக்கணும். அதுக்குள்ள ஊரு முழுக்கத் தெரிஞ்சுபோச்சு."

ரீலைக் கட்டிலில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். காபி போட்டாள். கழுவி வைத்திருந்த கோப்பைகளை இன்னொரு தடவை கழுவினாள். என்னென்ன கேட்க வேண்டுமென்று வரிசைப்படுத்திக்கொண்டு திரும்பி வந்தாள்.

"இந்தா, குடி. குடிச்சிட்டு பதில் சொல்லு."

ஓரின் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்திருந்தான். பென்சில் போர்வைமேல் கிடந்தது. பிராணவாயு மெஷின் மட்டும் சீறிக்கொண்டிருந்தது. கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். பிறகு அதை அணைத்தாள்.

போனில் நர்ஸ் உயிர் பிரிந்த நேரம் கேட்டாள்.

"பத்தே முக்கால் இருக்கும். நான் பக்கத்துல இல்ல."

சனிக்கிழமை வைத்தால் எல்லாரும் ஏரிக்குப் போய்விடுவார்கள், பெட்டி தூக்க ஆள் கிடைக்காது என்று அடக்கத்தைத் திங்கட்கிழமைக்குத் தள்ளினார்கள். பிரசங்கம் எழுதும்போது பாஸ்டர் கூப்பிட்டுக் கேட்டார். "அந்தப் பச்சை நூல் கதையச் சொல்லலாமாம்மா? உங்களுக்கு வருத்தமா இருக்குமோன்னு பாத்தேன்."

அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"சொல்லுங்க" என்றாள். "எல்லாரும் அதைத்தான் எதிர்பார்ப்பாங்க."

பாஸ்டர் சொன்னார். சர்ச்சே சிரித்தது. அர்லிஸும் தலை குனிந்து சிரித்தாள்.

சர்ச் நிலவறையில் பன்றித்தொடை சாண்ட்விச்சும் காபியும் கொடுத்தார்கள். ஓரினோடு மரக்கிடங்கில் வேலை பார்த்த வெர்லின், தட்டோடு அவள் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"சனி, ஞாயிறு ரெண்டு நாளும் ஒண்ணுகூட கடிக்கல. தண்ணி அப்படியே கண்ணாடியாக் கெடக்கு. நெசமாவே பச்சையிலதான் புடிச்சானா? நூலு எத்தன பவுண்டு?"

அர்லிஸ் வாயிலிருந்த ரொட்டியை நிதானமாக மென்று விழுங்கினாள்.

"இருபது" என்றாள். "பச்சைதான்."

வெர்லின் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, கை துடைக்கும் காகிதத்தில் எழுதிக்கொண்டான். அவன் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து, அவள் சர்க்கரைக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள்.