தமுக்குத் தோல் காயும் வரை

நெல்லிப்பட்டறையில் ஒரு சேதி உண்மையாக வேண்டுமானால் அதற்குத் தமுக்கு அடித்தாக வேண்டும். அம்மை குத்துகிறவர் அரச மரத்தடியில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும், தமுக்குச் சத்தம் கேட்காதவரை அவர் இன்னும் வரவில்லை என்றுதான் ஜனங்கள் நினைப்பார்கள். பாலாற்றங்கரையில் நாலைந்து தோல் பதனிடும் ஷாப்புகளும் ஒரு சந்தையும் உள்ள அந்த ஊருக்கு வெள்ளைக்காரர்கள் ஊர்க் காரியங்களைப் பார்க்க யூனியன் ஏற்படுத்திக் கொடுத்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். இரும்புச் சட்டியில் தோல் இழுத்துக் கட்டிய அந்தத் தமுக்கு யூனியன் பிரசிடெண்ட் வீட்டுக் கூடத்தில் ஓர் ஆணியில் தொங்கும்.

அந்த ஆணி பஞ்சாட்சர முதலியார் வீட்டுச் சுவரில் இருந்தது. ஒவ்வொரு தேர்தலிலும் அவரே பிரசிடெண்டாக வந்து கொண்டிருந்ததால், ஆணியைச் சுற்றிச் சுண்ணாம்பு அடிப்பதே வழக்கமாகிவிட்டது.

இந்த முறை சாவடியில் கூடிய யூனியன் மெம்பர்கள் தோல் வியாபாரி ஆபித் பாஷாவுக்குக் கை தூக்கி விட்டார்கள். முதலியாருக்காக எழுந்தவை மூன்றே கைகள். அதில் ஒன்று அவருடையது. மச்சான் ராமமூர்த்தியின் கைகூட, காது சொறியப் போவது போல் கிளம்பி, சொறியாமல் பாஷாவுக்காக மேலே போய்விட்டது.

முதலியார் வீட்டுக்கு வந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அதற்குள் தமுக்கு அடிக்கும் தேவசகாயம் வாசலில் வந்து நின்றான்.

"ஐயா, தமுக்கு வேணும்."

"எதுக்கு?"

"சேதி சொல்லணும்."

"இன்னா சேதி?"

தேவசகாயம் வாசற்படியைப் பார்த்தான். "ஐயாவுக்குத் தெரிஞ்ச சேதிதான்."

"தெரிஞ்ச சேதிய எதுக்குப்பா கத்தணும்? நாளைக்கு வா."

அவன் போனதும் முதலியார் தமுக்கை ஆணியிலிருந்து இறக்கினார். தமுக்கு அடிக்கவில்லை என்றால் பாஷா ஜெயிக்கவில்லை. பாஷா ஜெயிக்கவில்லை என்றால் தாம் தோற்கவில்லை. இதில் ஒரு பிசகும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. தமுக்கை ஒரு சாக்கில் சுற்றித் தமது தோல் ஷாப்புக்கு எடுத்துப் போய், உப்புத் தோல்கள் குவித்திருக்கும் மூலையில் செருகிவிட்டு வந்தார்.

அன்று மாலை சோளிங்கர் நரசிம்மர் படத்துக்கு முன் வழக்கம்போல் கை கூப்பினார். "நியாயத்தைக் காப்பாத்து" என்பது அவருடைய தினசரி வேண்டுதல். அன்று முதல் வார்த்தை வாயில் வரவில்லை. "காப்பாத்து" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

ஊரில் குழப்பம் பிறந்தது. சாக்கடை அடைத்துக்கொண்டால் யாரிடம் போவது? சிலர் பாஷாவிடம் போனார்கள். அவர், "தமுக்கு அடிக்கலையேப்பா. மொதலியார்கிட்ட சொல்லுங்க" என்று மரியாதையாக அனுப்பி வைத்தார். முதலியாரிடம் வந்தவர்கள் பாதி வழியிலேயே ராமமூர்த்தி, "அவர்தான் தோத்துட்டாரே" என்று சொன்னதைக் கேட்டுத் திரும்பிவிட்டார்கள். சாக்கடை இரண்டு பிரசிடெண்டுகளுக்கும் பொதுவாக நாறிக்கொண்டிருந்தது.

பார்த்தார் முதலியார். இப்படியே விட்டால் சரிப்படாது; தேர்தல் செல்லாது என்று தாமே தமுக்கு அடிக்கச் செய்துவிடுவது என்று தீர்மானித்தார். தேவசகாயத்தைக் கூட்டிக்கொண்டு தோல் ஷாப்புக்குப் போனார். மேஸ்திரி ரத்தினசாமி சுண்ணாம்புத் தொட்டி ஓரத்தில் முழங்கை வரை வெளுத்துப்போய் நின்றிருந்தான்.

"ரத்தினசாமி, உப்பு மூலையில ஒரு சாக்கு இருந்துச்சே?"

"ஒதறி மடிச்சு வெச்சிருக்கேன் மொதலாளி."

"உள்ள இருந்தது?"

"சுண்ணாம்புல போட்டுட்டேன். வார அறுத்துத் தோல உரிக்கத்தான் பேஜாராப் போச்சு."

முதலியார் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "அது தமுக்குன்னு உனக்குத் தெரியல?"

"தெரிஞ்சது மொதலாளி. பசங்களும் தமுக்கு மாதிரி இருக்குதேன்னு சொன்னாங்க. உப்பு மூலையில எது கெடந்தாலும் காலையில சுண்ணாம்புக்குப் போவணும், கேள்வி கேக்குறவனுக்கு வேலை கெடையாதுன்னு நீங்கதான சொல்லியிருக்கீங்க. வாய மூடிக்கிட்டுப் போடுங்கடான்னேன்."

"சட்டி எங்க?"

"கூழு ஊத்திக் குடிக்கிறோம். நல்ல சட்டி மொதலாளி. நசுங்கவே மாட்டேங்குது."

தேவசகாயம் முகத்தை மறுபுறம் திருப்பிக்கொண்டான். அவன் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

அன்று முழுவதும் முதலியார் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. யூனியன் சொத்தைச் சுண்ணாம்பில் போட்ட பிரசிடெண்ட் என்று தாசில்தாருக்கு மனு போகும். வேலூரிலிருந்து ஆள் வரும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டபோதெல்லாம் அவர் எழுந்து உட்கார்ந்தார். கடைசியில் வந்தது ஆபித் பாஷா. கக்கத்தில் மடித்த தோல்கள் இருந்தன. பின்னால் கழுவிய சட்டியோடு தேவசகாயம்.

"சலாம் மொதலியாரே. தமுக்குக்குப் புதுத்தோல் கட்டணுமாம். இந்தத் தாலுக்காவிலயே தோல் பாக்குறதுக்கு உங்கள விட்டா யாரு? நீங்களே ஒண்ணு பொறுக்கிக் குடுங்க."

சுண்ணாம்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லுவார் என்று முதலியார் காத்திருந்தார். பாஷா தோல்களை விரித்துக்கொண்டே இருந்தார்.

"இது ஆகாது," என்றார் முதலியார், ஒன்றைத் தடவிப் பார்த்து. "உண்ணி கடிச்ச தழும்பு. இதக் கட்டினா குரல் கம்மும்." இன்னொன்றைத் தட்டினார். "இது கசாப்புக்காரன் கத்தி பட்டது. இதா, இது ஒடுகத்தூர் மலையாடு. இத எங்க புடிச்சீங்க சாயபு?"

"புடிச்சது சும்மாவா? சந்தையில சண்டை போட்டேன்."

"சண்டை போடலாம். இதுக்குப் போடலாம்."

தேவசகாயம் ஈரத்தோலை இழுத்துக் கட்டினான். பாஷா கிளம்பும்போது சொன்னார்: "நெழல்ல வெச்சுப் பக்குவமா காய வைக்கணும். உங்க வீட்டுலயே இருக்கட்டும். அது காயற வரைக்கும் பிரசிடெண்டு நீங்கதான். அவசரம் ஒண்ணுமில்ல."

தமுக்கு மாடிக் கொட்டகையில் ஒரு பலகைமேல் உட்கார்ந்தது. முதலியார் காலையும் மாலையும் போய்ப் பார்த்தார். மறுநாள் மாலை ஒரு செம்பில் கொஞ்சம் தண்ணீரும் எடுத்துப் போனார். தோல் சட்டென்று காய்ந்தால் வெடித்துவிடும் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு, நாலு துளி தெளித்தார்.

"துளசிக்கு ஊத்தினீங்களா?" என்று கேட்டாள் மனைவி கமலம்.

"ஆமா."

"துளசி கீழ இருக்குதுங்க."

அன்றிலிருந்து அவள் செம்பைக் கண்ணில் படாத இடத்தில் எடுத்து வைத்தாள். முதலியார் அதைத் தேடிக் கண்டுபிடித்தார்.

தேவசகாயம் தினமும் வந்து தோலை விரலால் அழுத்தினான். "இன்னும் பச்சையாவே இருக்குது ஐயா. இந்த வெயில்ல அதிசயம்தான்." பாஷாவிடம் போய்ச் சொன்னால், "மலையாடு இல்லையா? அதுல ஈரம் மெதுவாத்தான் எறங்கும்" என்று சிரிப்பார். மலையாட்டுத் தோல் காய எவ்வளவு நேரம் ஆகும் என்று அந்த ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். தெரியும் என்பது முதலியாருக்கும் தெரியும். யாராவது ஒருவர் வந்து சண்டை போட்டிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தார். ரசம் ஊற்றுகிற நேரத்தில் ஜவ்வாது மலைப் பக்கம் கறுத்து, காற்று கொட்டகைக் கீற்றைப் பிடித்து ஆட்டியது. மாடியில் கீற்று பிய்ந்துகொண்டு போகும் சத்தம் கேட்டது.

முதலியார் கை சோற்றில் நின்றது. மழையில் நனைந்தால் அந்தத் தோல் அழுகிவிடும். வேறு தோல் பிடித்து, கட்டி, அது காய்வதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். தெளிக்கக்கூட வேண்டியதில்லை, தெய்வமே தெளித்துவிடும். நரசிம்மரிடம் "காப்பாத்து" என்று அவர் கேட்டதும் இதைத்தானே?

முதல் துளி முற்றத்தில் விழுந்தது. யார் எழுப்பினார்கள் என்று தெரியவில்லை, முதலியார் எழுந்துவிட்டார். மனிதர் மனத்தைத் திருப்ப ஆண்டவன் எப்போதும் பெரிய காரியம் செய்வதில்லை. ஒரு நல்ல தோலை நம்பி ஒப்படைத்துவிட்டுப் போகிற ஒருவரை அனுப்பி வைக்கிறான், அது போதும். எச்சில் கையோடு ஓடியவர், கூடத்தில் மாட்டியிருந்த கறுப்புக் கோட்டை உருவிக்கொண்டு மாடி ஏறினார். யூனியன் கூட்டத்துக்கு மட்டுமே போடுகிற ஆல்பாகா கம்பளிக் கோட்டு அது. அதைத் தமுக்கின்மேல் போர்த்தி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கி வந்தார்.

"ஐயோ, கோட்டு நனையுதுங்க," என்றாள் கமலம்.

"நனையட்டும். இனிமே அதுக்கு இன்னா வேலை?"

அவள் அடுப்பில் கொஞ்சம் வைக்கோல் போட்டாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து தமுக்கை அனலில் காட்டிக் காட்டித் திருப்பினார்கள். மழை விடுவதற்குள் தோல் முறுக்கேறிவிட்டது. முதலியார் ஒரு விரலால் தட்டினார். கூடம் முழுவதும் 'டங்' என்றது.

"மலையாடு," என்றார் கமலத்திடம், தாமே பெற்று வளர்த்த மாதிரி.

பிறகு தேவசகாயத்துக்கு ஆள் அனுப்பினார். அவன் வந்து தோலைத் தொட்டுப் பார்த்து, நிமிர்ந்து அவரைப் பார்த்தான்.

"இன்னா சொல்லணும் ஐயா? சேதிய நீங்கதான் சொல்லணும்னு பாய் சொல்லிட்டாரு."

முதலியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இன்னையிலருந்து நம்ம யூனியன் பிரசிடெண்டு ஆபித் பாஷா சாயபு. எல்லாரும் மரியாதையா நடந்துக்கணும்." கொஞ்சம் யோசித்தார். "சாக்கடை விஷயம் எதுவானாலும் இனிமே அவர்கிட்டத்தான் போவணும். அத ரெண்டு தடவை சொல்லு."

நெல்லிப்பட்டறை கேட்டது, கேட்டதால் அது உண்மையாயிற்று. பொழுது சாய்வதற்குள் பாஷா வீட்டு வாசலில் சாக்கடைக்காகக் கூட்டம் கூடிவிட்டது. அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பஞ்சாட்சர முதலியார் வந்தார். ஒரு கையில் தமுக்கு, மறுகையில் சுத்தியல்.

சுத்தியலைப் பார்த்துக் கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. பாஷா மட்டும் முன்னால் வந்தார். "நானே வந்து வாங்கிக்க மாட்டேனா மொதலியாரே? உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"உங்க வீட்டுல ஆணி இருக்குமான்னு தெரியல," என்றார் முதலியார். மடியைத் தடவி, நுனியில் தம் வீட்டுக் கூடத்துச் சுவரின் சுண்ணாம்பு ஒட்டியிருந்த ஒரு பழைய ஆணியை எடுத்தார். "எந்தச் சுவர்ல அடிக்கட்டும், சொல்லுங்க."