பன்னிரண்டரை வோல்ட்

அதைத்தான் சொல்ல வருகிறேன், அந்த வண்டியில் ஒரு கோளாறும் கிடையாது. லிஃப்ட்காரர் தனியாக ஓட்டினால் மட்டும் அதில் மின்சாரம் இருக்காது. இன்ஜின் ஓடும், பிரேக் பிடிக்கும். ஆனால் ஹாரன் அடிக்காது, வைப்பர் அசையாது, ஏசி வராது, கண்ணாடி பாதியில் நின்றுவிடும், முன்விளக்கு இரண்டும் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும். பேட்டரியில் மீட்டர் வைத்துப் பார்த்தால் பன்னிரண்டரை வோல்ட், ஒரு புள்ளி குறையாது. வோல்ட் இருக்கிறது, வர மனசில்லை, அவ்வளவுதான்.

லிஃப்ட்காரர் என்றதும் லிஃப்ட்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பொத்தான் அமுக்குகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்ட்டைச் சோதித்து, இதில் இத்தனை பேர் ஏறலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர். அவர் இந்த ஏழு பேர் வண்டியை வாங்கியபோது வீட்டில் ஐந்து பேர் இருந்தார்கள்: அவர், மனைவி, மகன், மகள், மனைவியின் தங்கை. வண்டிக்குள் ரேடியோவும் சண்டையும் ஒரே சத்தத்தில் ஓடும். கொழுந்தியாள் கல்யாணமாகிப் போன அதே வாரம் பின்கண்ணாடிகள் இறங்க மறுத்தன. மகன் வேலை கிடைத்து விமானம் ஏறியதும் ரேடியோ நின்றது. மகள் வேறொரு விமானம் ஏறினாள், ஏசி போனது. மகளுக்குக் குழந்தை பிறந்தபோது “ஆறே மாசங்க, கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள வந்துருவேன்” என்று மனைவி போனாள், மிச்சம் இருந்தது எல்லாம் அணைந்தது. அந்த ஆறு மாசம் மூன்று வருஷமாக நடந்துகொண்டிருந்தது. அத்தனை நாளும் அவர் வெளிச்சம் இருக்கும்போது மட்டும் ஓட்டினார், திரும்பும்போது கையை நீட்டினார், மழை வந்தால் ஓரங்கட்டி மழை விடும்வரை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

புகார் எழுதுவது அவருக்குக் கைவந்த கலை. தேதி, நேரம், ஓடிய கிலோமீட்டர், வண்டியில் இருந்த நபர்கள்: ஒன்று. இப்படிப் பதினேழு புகார். பதினேழு தடவையும் சர்வீஸ் கடையில் ‘பழுது இல்லை’ என்று முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்தக் கடையில் வண்டியை ஓட்டிப் பார்ப்பது என்றால், எலக்ட்ரீஷியன், டிங்கர் வேலைக்காரர், கழுவுகிற ஆள், ஸ்டோர் பார்க்கிறவர் என்று நாலு பேரும் ஏறிக்கொள்வார்கள். சோதனை ஓட்டம் போகும் தூரம் சரியாக ரயில்வே கேட் பக்கத்து டீக்கடை வரைக்கும். நாலு வாய் பேசினால் அந்த வண்டியில் எரியாத பல்பு உண்டா?

“சார், கல்யாண மண்டபம் மாதிரி ஜொலிக்குது சார் உங்க வண்டி! எங்க வீட்டு டியூப்லைட்கூட இப்படி எரியாது,” என்றான் ஷாக் என்று பெயர் வாங்கிய எலக்ட்ரீஷியன்.

“என்கிட்ட வந்தா மட்டும் ஏம்பா அணைஞ்சு போகுது?”

“நீங்க அத மொறைக்கிறீங்களோ என்னவோ. கொஞ்சம் சிரிச்சுப் பாருங்களேன்!”

கடைக்குள் எல்லோரும் சிரித்தார்கள். அவர் வாசல் தாண்டும்போது டேஷ்போர்டு இருண்டது.

பதினேழு காகிதங்களும் கம்பெனித் தலைமை அலுவலகத்தில் நாலாவது மாடிப் புகார்ப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே ஒரு பெண், ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு எண்பது பேரிடம் மன்னிப்புக் கேட்பது அவள் வேலை. இதே மாதிரி நாற்பத்தொரு வண்டி இருப்பதைக் கண்டுபிடித்தவள் அவள்தான். நாற்பத்தொரு வண்டிக்கும் ஓட்டுகிறவர் ஒருவர், காலி இருக்கை ஆறு. கம்பெனி ஒரு இன்ஜினீயரை அனுப்பியது. அவர் லிஃப்ட்காரர் பக்கத்தில், மடியில் லேப்டாப்போடு முப்பது கிலோமீட்டர் வாயைத் திறக்காமல் வந்தார். ஒன்றும் எரியவில்லை. பக்கத்தில் ஆள் இருந்தும் வரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் அந்தப் பெண் விவரம் கேட்க போனில் கூப்பிட்டாள். லிஃப்ட்காரர் வண்டிக்குள் உட்கார்ந்து பேசினார். அவள் வண்டி நிறம் கேட்டாள், பிறகு என்னவோ தோன்றி, மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டாள்.

“மேடம், மேடம், அப்படியே பேசிட்டே இருங்க! கடிகாரம் எரியுது!”

“நெஜமாவா சார்? மணி சரியா காட்டுதா?” அவள் சிரித்தாள். பிறகு, “சார், லைன்ல அடுத்தவங்க காத்திருக்காங்க,” என்றாள்.

கடிகாரம் அணைந்தது. அவள் கோப்பில் ஒரு வரி எழுதினாள். அடுத்த பதிப்பில் கம்பெனி அதை வண்டிக் கையேட்டிலேயே அச்சடித்துவிட்டது, டயர் காற்றுக்கு அடுத்த பக்கத்தில்: தனியாக ஓட்டும்போது மின்சாரம் குறையலாம், பேச்சு இருந்தால் வரும், இது இயல்பு. புதுக் கையேடு ஒன்று லிஃப்ட்காரருக்கும் தபாலில் வந்தது.

அதற்குப் பிறகுதான் அவருக்குப் பயம் வந்தது. வண்டிக்குள் உட்கார்ந்து மனைவிக்கு போன் போட்டார். “சாப்டீங்களா?” “ம், சாப்ட்டேன். நீ?” “ஆச்சு.” கடிகாரம்கூட எட்டிப் பார்க்கவில்லை. இன்னொரு நாளும் போட்டார், அதேதான். பத்து நாள் லீவில் வந்த மகனை ஏற்றிக்கொண்டு சுற்றியதில் வலது இண்டிகேட்டர் மட்டும் இரண்டு தடவை கண்ணடித்தது. “இத வித்துத் தொலைங்கப்பா, சின்னதா ஒண்ணு வாங்கிக்கலாம்,” என்று சொல்லிவிட்டு அவன் போனைப் பார்க்க ஆரம்பித்தான், அதுவும் நின்றது.

அந்தச் சமயத்தில்தான் மனைவி ஒரேயடியாகத் திரும்பி வருகிறேன் என்றாள். மனுஷன் சந்தோஷப்பட வேண்டுமா இல்லையா? அவருக்குச் சோறு இறங்கவில்லை. இன்ஜினீயருக்கு எரியவில்லை என்றால் இன்ஜினீயரைக் குறை சொல்லலாம். கட்டின பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்தும் எரியவில்லை என்றால் யாரைச் சொல்வது? டாக்ஸி பிடித்துவிடலாமா என்று நினைத்தார். கடைசியில் ஒரு சோதனைப் படிவத்தின் பின்பக்கம் பேசுவதற்குப் பதினாலு விஷயம் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வண்டியையே எடுத்தார்.

விமானம் சாயங்காலம் நாலு மணிக்கு வந்தது. மனைவி இளைத்திருந்தாள், இரண்டு பெட்டி, முன்சீட்டில் ஏறினாள். ஒன்றும் எரியவில்லை. அவர் முதல் விஷயத்தை ஆரம்பித்தார், எதிர்வீட்டுச் சுவர் இடிந்தது. “ம்,” என்றாள். மாமரம் காய்க்கவில்லை. “ம்.” ஏழாவது விஷயத்தில் மழை பிடித்துக்கொண்டது. எதிரே ஒன்றும் தெரியவில்லை. ஓரங்கட்டினார்.

“என்னங்க, நிறுத்திட்டீங்க? வைப்பர் போடுங்க.”

அவர் கையேட்டை எடுத்து அந்தப் பக்கத்தை விரித்து அவள் மடியில் வைத்தார். மூன்று வருஷமாக அவளிடம் சொல்லாத ஒரே விஷயம் அதுதான். அவள் படித்தாள். மறுபடி படித்தாள்.

“மூணு வருசமாவா?”

“ஆமா.”

அவள் மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அங்க கடைக் கதவெல்லாம் ஆளப் பாத்தாத் தானாத் தெறக்குங்க. எனக்கு மட்டும் தெறக்காது. வேற யாராச்சும் வர்ற வரைக்கும் வெளியவே நிப்பேன். அவங்க பின்னாடியே நொழஞ்சிருவேன்.”

“குளிர்லயா?”

“பின்ன? வெயிலுக்கு எங்க போறது அங்க.”

“போன்ல சொல்லிருக்கலாம்ல?”

“நீங்க மட்டும் சொன்னீங்களாக்கும்!”

அவள் பக்கத்து வைப்பர் ஒரு தடவை எழுந்து படுத்தது. பிறகு இன்னொரு தடவை. அவர் பக்கத்து வைப்பர் அசையவில்லை, விளக்கும் வரவில்லை. அவள் முன்னால் குனிந்து, “லெஃப்ட்ல சைக்கிள் போகுது… ம், இப்ப போங்க… மெதுவா, பள்ளம்,” என்று தன் பக்கத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்துச் சொல்லச் சொல்ல, அவர் கண்ணைக் கட்டிக்கொண்ட மாதிரி வீடு வரைக்கும் ஓட்டினார்.

இன்றைக்கும் அந்த வண்டியில் ஓடுவது அந்த ஒரு வைப்பர்தான். வெயிலிலும் ஓடும், நிறுத்தினால் நிற்காது. ஷாக் அதைப் பார்த்துவிட்டு, தொடாமல் விட்டுவிட்டான். புகார்ப் பிரிவுப் பெண் மட்டும் அந்தக் கோப்பை மூட வேண்டும் என்று போன் செய்துகொண்டே இருக்கிறாள், கடைசிக் கட்டம் காலியாக இருக்கிறதாம்: பழுது சரியானதா, இல்லையா? லிஃப்ட்காரர் நாளைக்குச் சொல்கிறேன் என்கிறார், தினமும். எனக்குச் சரியானது என்றுதான் தோன்றுகிறது, ஆனால் முன்விளக்கு இல்லையே என்று இடிக்கவும் செய்கிறது. நீங்களாக இருந்தால், சொல்லுங்களேன், அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவீர்கள்?